4ஜி93 எஞ்சினுக்குச் சொந்தமாக 4-2-1 எக்ஸ்ட்ராக்டர் செய்வது எப்படி

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய புரோட்டோன் கார்களான சத்ரியா, வீரா, புத்ரா வைத்திருப்பவர்கள் பலர் இன்னும் மிட்சுபிஷியின் 4ஜி93 எஞ்சினை விடவில்லை. எக்ஸ்ட்ராக்டர் என்பது நான்கு சிலிண்டரின் புகையையும் வாங்கி ஒன்றுசேர்க்கும் பைப் தொகுதி. 4-2-1 என்றால் நான்கு பைப் இரண்டாகி, பிறகு ஒன்றாகும். ரெடிமேடாகவே கடையில் கிடைக்கிறது. ஆனால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியிருந்தாலோ, காரைத் தாழ்த்தியிருந்தாலோ, வேறு காரின் போனட்டுக்குள் இந்த எஞ்சினை இறக்கியிருந்தாலோ அது அப்படியே உட்காராது. ஆர்கன் வெல்டிங்கில் கை பழகியவர்கள் சொந்தமாகவே செய்துகொள்ளலாம்.

முதலிலேயே ஒன்று. எல்லோரும் பைப் நீளக் கணக்கில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நீளத்தில் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் எஞ்சினுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பைப்பை எஞ்சினோடு பிணைக்கும் தகடான ஃபிளாஞ்ச் அரை மில்லிமீட்டர் வளைந்தால் இடையிலுள்ள கேஸ்கெட் ஊதிவிடும். வேலையின் முக்கால் பங்கு பொருத்திப் பார்ப்பதில்தான் இருக்கிறது. வெல்டிங் கடைசியில் வருவது.

அளவுகள்

4ஜி93-இன் போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 89 மி.மீ., கொள்ளளவு 1834 சி.சி. தினமும் ரோட்டில் ஓடும் காருக்கு 4-2-1 சரி. நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும். 4-1 மேல் ஆர்பிஎம்முக்கானது. செப்பாங்கில் டிராக் டே மட்டும் ஓடும் காருக்கு யோசிக்கலாம்.

எரியும் வரிசை 1-3-4-2. ஆகவே 1-ஐ 4-உடனும், 2-ஐ 3-உடனும் ஜோடி சேர்க்க வேண்டும். அப்போது ஒரு ஜோடிக்குள் வரும் இரண்டு வெடிப்புகளுக்கும் நடுவே கிராங்க் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, சுற்றியிருக்கும். ஒன்றின் புகை மற்றதன் திறந்த வால்வுக்குள் புகாது. இடம் போதவில்லை என்று 1-ஐயும் 2-ஐயும் சேர்த்தால் 4-2-1 செய்ததன் பலனே போய்விடும்.

விட்டத்துக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள். 6500 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 19.3 மீட்டர். போரின் பரப்பு 5153 சதுர மி.மீ. வெளிவிட்டம் 41.3 மி.மீ., சுவர் 1.5 மி.மீ. உள்ள பைப்பின் உள்பரப்பு 1152 சதுர மி.மீ. இரண்டு பரப்புக்கும் உள்ள விகிதத்தால் வேகத்தைப் பெருக்கினால் நொடிக்கு 86 மீட்டர் வரும். 75-இலிருந்து 90 வரை ரோட்டுக் காருக்கு நல்ல எல்லை. 44.5 மி.மீ. பைப் போட்டால் 73 ஆகிவிடும். கீழ் ஆர்பிஎம்மில் கார் மந்தமாகும். பெரிய பைப் போட்டால் பவர் கூடும் என்ற நினைப்பில் பலர் இழுவையை இழப்பது இங்கேதான்.

நீளத்துக்கு, பிஸ்டன் கீழ்முனையைத் தொடுவதற்கு எத்தனை பாகை முன்னால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறதோ அதோடு 180-ஐக் கூட்டி, 850-ஆல் பெருக்கி, விரும்பும் ஆர்பிஎம்மால் வகுத்து, 3-ஐக் கழியுங்கள். விடை அங்குலத்தில் வரும். கேம் 55 பாகை முன்னால் திறந்து, 6000 ஆர்பிஎம் வேண்டும் என்றால் 30.3 அங்குலம், ஏறக்குறைய 770 மி.மீ. இதில் எஞ்சின் ஹெட்டிலிருந்து வரும் முதல்நிலைப் பைப்புக்கு 380, ஜோடி சேர்ந்தபின் வரும் இரண்டாம்நிலைக்கு 390 என்று பிரியுங்கள். இரண்டாம்நிலைக்கு 50.8 மி.மீ. பைப், கடைசி வெளியேற்றத்துக்கு 57 மி.மீ. போதும். நான்கு முதல்நிலைப் பைப்புகளும் 25 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

நீளத்தை எப்போதும் பைப்பின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். 41.3 மி.மீ. பைப்பில் 62 மி.மீ. ஆரமுள்ள 90 பாகை வளைவு 97 மி.மீ. நீளத்தைச் சாப்பிடும், 45 பாகை என்றால் 49 மி.மீ.

வாங்க வேண்டியவை

304 ஸ்டெயின்லெஸ், மாண்ட்ரல் வளைவு, சுவர் 1.5 மி.மீ. சாதாரண இரும்பு மலிவுதான், ஆனால் நம் ஊர் மழையிலும் பக்கத்துக் கடைக்குப் போய்வரும் குட்டி ஓட்டத்திலும் உள்ளே தண்ணீர் தேங்கி அரித்துவிடும். 41.3 அளவில் யு-பெண்ட் ஐந்து வாங்குங்கள். நான்கு போதும், ஒன்று வெட்டில் வீணாகும். நேர்ப் பைப் ஒரு மீட்டர். 50.8 அளவில் 90 பாகை வளைவு மூன்று, நேர்ப் பைப் அரை மீட்டர். புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஓ2 சென்சரைத் திருக எம்18×1.5 மரை போட்ட வளையம் (பங்), 57 மி.மீ. ஃபிளெக்ஸ் (அசைந்து கொடுக்கும் இணைப்புப் பைப்), 1.6 மி.மீ. 308எல் ஃபில்லர் கம்பி அரை கிலோ.

எஞ்சின் ஃபிளாஞ்சை 10 மி.மீ. 304 தகட்டில் லேசரில் வெட்டக் கொடுங்கள். ஷா ஆலாம், பாலக்கோங் தொழிற்பேட்டைகளில் இந்த வேலை செய்யும் கடைகள் உண்டு. புது கேஸ்கெட்டை மட்டும் நம்பி வரைபடம் போடாதீர்கள். ஹெட்டில் புகை வெளிவரும் துளையான போர்ட்டையும் ஸ்டட் இடைவெளியையும் வெர்னியரில் அளந்து சரிபாருங்கள். ஃபிளாஞ்சின் துளை போர்ட்டைவிடச் சுற்றிலும் 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். சிறிதாகிப் போர்ட்டுக்குள் விளிம்பு நீட்டினால் புகை அதில் முட்டி நிற்கும். இரண்டு ஓரத்து ஸ்டட் துளைகளை நீள்வட்டமாக வெட்டச் சொல்லுங்கள். 304 சூட்டில் அதிகம் நீளும்: 380 மி.மீ. பைப் 700 பாகை செல்சியஸ் சூடேறினால் 4.5 முதல் 5 மி.மீ. வரை நீளும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

காரிலேயே பொருத்திப் பார்ப்பது

ஹாஃப் கட் கடையில் (பழைய கார்ப் பாகங்கள் விற்கும் கடை) கெட்டுப்போன 4ஜி93 ஹெட் ஒன்று கிடைத்தால் வாங்கி வையுங்கள். வெல்டிங்கின்போது ஃபிளாஞ்சைப் பிடித்துவைக்க அதைவிட நல்ல ஜிக் (பிடிப்புச் சட்டம்) கிடையாது. கிடைக்காவிட்டால் 25 மி.மீ. இரும்புப் பலகையில் துளையிட்டு ஸ்டட் இறக்குங்கள்.

பைப் போகும் வழியை முதலில் 4 மி.மீ. கம்பியில் வளைத்துப் பாருங்கள். கம்பிதான் நடுக்கோடு, அதைச் சுற்றி 21 மி.மீ. பைப்புக்கு, அதற்கு வெளியே ரேடியேட்டர் ஃபேன், ஆல்டர்னேட்டர், ஏர்கான் பைப் எதுவும் 20 மி.மீ.க்குள் வரக்கூடாது. எஞ்சின் கிளச் விடும்போது மவுண்டில் ஆடும். பழைய ரப்பர் மவுண்ட் என்றால் 30 மி.மீ. விடுங்கள். சம்ப்புக்கு அடியில் போகும் பகுதி கிராஸ்மெம்பரைவிடத் தாழக்கூடாது. தாமான்களில் உள்ள ஸ்பீட் பம்ப்புகளைத் தாண்டும்போது முதலில் இடிபடுவது பைப்புகள் ஒன்றுசேரும் கலெக்டர்தான்.

ஒவ்வொரு துண்டையும் வெட்டும் முன் பைப்பைச் சுற்றி ஹோஸ் கிளிப்பை இறுக்கி, அதன் ஓரமாகக் கோடு போட்டால் வெட்டு நேராக வரும். 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கில் வெட்டி, பெல்ட் சாண்டரில் முகத்தைச் சமப்படுத்துங்கள். இரண்டு துண்டுகளைச் சேர்த்து விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவக்கூடாது. 1.5 மி.மீ. சுவரில் இடைவெளி இருந்தால் ஃபில்லர் உள்ளே ஒழுகும், அல்லது ஓட்டை விழும். இரும்பு வெட்டிய டிஸ்க்கை ஸ்டெயின்லெஸில் தொடவே கூடாது. அதன் இரும்புத்தூள் ஒட்டி நாலே மழையில் துரு பிடிக்கும்.

சேர்ப்புக்கு மூன்று இடத்தில் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் போடுங்கள். நான்கு பைப்பும் கலெக்டர்களும் டேக்கில் நிற்கும்போதே காரில் மாட்டி எல்லா நட்டையும் ஸ்பானரால் இறுக்கிப் பாருங்கள். ஸ்பானர் உள்ளே போய் குறைந்தது 30 பாகை திரும்ப வேண்டும். 2, 3-க்கு நடுவிலுள்ள கீழ் நட்டுதான் வழக்கமாக மாட்டிக்கொள்ளும். மாட்டிய வழியிலேயே திரும்பக் கழற்றியும் பாருங்கள். எஞ்சினை இறக்கினால்தான் கழலும் என்றால் பிறகு கேஸ்கெட் மாற்றும்போது ஃபோர்மேன் உங்களைத் திட்டுவார்.

கலெக்டருக்கு இரண்டு பைப்பையும் நடுக்கோட்டுக்கு 8 முதல் 10 பாகைச் சாய்வில் வெட்டி ஒன்றோடொன்று ஒட்டுங்கள். நடுவில் வரும் கூர்முனையை, வெளியேற்றப் பைப்பை ஒட்டும் முன்பே உள்பக்கமிருந்து வெல்டிங் செய்துவிட வேண்டும். பிறகு டார்ச் அங்கே எட்டாது.

வெல்டிங்

எல்லாத் துண்டையும் உள்ளும் புறமும் அசிட்டோனால் துடைத்து டேக் போட்டிருக்க வேண்டும். 1.6 மி.மீ. டங்ஸ்டன், டிசி நெகட்டிவ், பைப்புக்கு 40 முதல் 60 ஆம்ப், ஃபிளாஞ்சில் சேரும் இடத்துக்கு 100 முதல் 120. டார்ச்சில் ஆர்கன் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். ஆர்க் அணைந்த பிறகும் 8 நொடி கேஸ் ஓடட்டும்.

உள்பக்கத்துக்கும் ஆர்கன் விடுவதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு முனையை அலுமினியம் டேப்பால் மூடிக் குழாயைச் செருகி, மறுமுனையில் சிறு துளை விட்டு, நிமிடத்துக்கு 4 லிட்டர் விடுங்கள். 380 மி.மீ. பைப்பின் கொள்ளளவு அரை லிட்டருக்கும் குறைவு. ஒன்றரை நிமிடத்தில் உள்ளே இருந்த காற்று பல முறை மாறிவிடும். இதை விட்டுவிட்டால் உள்தையல் கறுத்துச் சர்க்கரைத் துகளாக நிற்கும். வெளியே தங்க நிறத்தில் மின்னும் தையலுக்குள் இப்படி இருந்தால், சூடேறிக் குளிரும் சில வாரங்களில் அந்த இடத்திலேயே பிளக்கும். உதிர்ந்த துகள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் அடைக்கும். வெளித்தையல் வைக்கோல் நிறத்திலிருந்து இளநீலம் வரை இருந்தால் நல்லது. சாம்பல் நிறமானால் சூடு அதிகம், அல்லது கேஸ் போதவில்லை.

ஃபிளாஞ்சில் பைப் முனை முகத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கட்டும். போல்ட் போட்டு ஜிக்கில் இறுக்கிய பிறகே தொடங்குங்கள். ஒரு போர்ட்டைச் சுற்றி ஒரே மூச்சில் முடிக்காமல் 1, 4, 2, 3 என்று மாறி மாறிக் கால் சுற்று மட்டும் போடுங்கள். அவசரப்பட்டால் ஃபிளாஞ்ச் வாழைப்பழம் போல வளையும். முடித்ததும் கையால் தொடும் சூட்டுக்கு வரும்வரை போல்ட்டைத் தளர்த்தாதீர்கள். பிறகு நேர்ப்பட்டையை முகத்தின் மேல் வைத்து, 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் மெஷின் ஷாப்பில் முகத்தைச் சீவக் கொடுங்கள். கேஸ்கெட் சமாளிக்கும் என்று விடாதீர்கள். சீவும்போது போவதற்காகத்தான் 10 மி.மீ. தகடு.

ஓ2 பங்கைக் கடைசிக் கலெக்டருக்குப் பிறகு, கிடைக்கோட்டுக்குக் குறைந்தது 10 பாகை மேலே சென்சர் சாய்ந்து நிற்குமாறு வையுங்கள். கீழே பார்த்தால் தண்ணீர் தேங்கிச் சென்சர் வெடிக்கும். ஃபிளெக்ஸ் அதற்குப் பின்னால். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். புகைச் சோதனைக்கும் அது வேண்டும், பின்னால் நடப்பவரின் மூச்சுக்கும் வேண்டும்.

மாட்டும் முன்பும் பின்பும்

ஓட்டைகளை அடைத்து 0.3 பார் காற்று விட்டுச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வருமிடம் சிறியதானாலும் திரும்ப வெல்டிங் செய்ய வேண்டும். ஓ2 சென்சருக்கு முன் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், எஞ்சின் கணினியான ஈசியு அதை லீன் (பெட்ரோல் போதவில்லை) என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும், பிளக் கறுக்கும். எக்ஸ்ட்ராக்டர் போட்டதும் பெட்ரோல் குடிக்கிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

புது கேஸ்கெட், புது நட்டு போட்டு நடுவிலிருந்து வெளியே மூன்று சுற்றில் இறுக்குங்கள். டார்க் அளவை வொர்க்ஷாப் மேனுவலில் பாருங்கள். ஆக்ஸில் பூட், ஸ்டியரிங் ரேக், வயர் கட்டு இவற்றுக்கு அருகில் போகும் இடத்தில் தகட்டுத் தடுப்பு வையுங்கள். துணிச் சுற்று ஸ்டெயின்லெஸுக்குச் சரி, சாதாரண இரும்பில் சுற்றினால் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து அரிக்கும்.

முதல் தடவை பத்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். முழுக்கக் குளிர்ந்த பிறகு நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். அடுத்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம் வரை மூன்றாம் கியரில் சுமையோடு ஓட்டி, மறுநாள் குளிர்ந்ததும் இன்னொரு முறை இறுக்கி, ஃபிளாஞ்ச் ஓரத்திலும் கலெக்டர் கூர்முனையிலும் விளக்கடித்து விரிசல் பாருங்கள். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே புகை தப்புகிறது. வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர்) மாட்டிக் கலவை சரியா என்று பார்க்காமல் அதற்கு மேல் மிதிக்க வேண்டாம்.