மெய்நிகர் உலகில் மனச்சுமையை அளப்பது எப்படி? வெள்ளவத்தையில் ஒரு சிறு சோதனை

மெய்நிகர் காட்சி காட்டும் ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒருவர் ஒரு வேலையைச் செய்து முடிக்கிறார். கஷ்டமாக இருந்ததா என்று கேட்டால் "சீச்சீ, லேசுதான்" என்பார். அவருடைய நெஞ்சுத்துடிப்போ வேறொன்று சொல்லும். அதனால் மனச்சுமையை, அதாவது ஒரு வேலை மூளையை எவ்வளவு உழைக்கவைக்கிறது என்பதை, அறிய வாயால் சொல்வதையும் உடம்பு காட்டுவதையும் சேர்த்தே பதிய வேண்டும். ஒரு ஹெட்செட், துடிப்பைப் பதியும் போலார் எச்10 போன்ற நெஞ்சுப்பட்டி, விரலில் மாட்டும் தோல் கடத்துதிறன் உணரி, தாள், பேனை இருந்தால் தொடங்கலாம். வருபவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

படி 1: வேலை

இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றட்டும். லேசான சுற்றில், இப்போது வந்தது சற்று முன் வந்ததேதானா என்று பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். கடினமான சுற்றில், இரண்டுக்கு முன் வந்ததோடு ஒப்பிட வேண்டும். காட்சி, வெளிச்சம், கையசைவு எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் துடிப்பு கூடியது யோசித்ததாலா, கையை ஆட்டியதாலா என்று பிரித்தறிய முடியாது.

படி 2: வியர்வையை ஆறவிடுங்கள்

கொழும்பில் இதுதான் பெரிய வேலை. தோல் கடத்துதிறன் என்பது தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பது. வியர்வைச் சுரப்பியின் இயக்கத்தை அது காட்டும்; அலகு மைக்ரோசீமென்ஸ். என் மச்சான் மத்தியான வெயிலில் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி, மூன்று மாடிப் படியேறி வந்தார். வந்தவுடனே உணரியை மாட்டிவிட்டேன். கோடு தொடக்கம் முதல் இறங்கிக்கொண்டே போனது. கடினமான சுற்றில் ஓய்வு நேரத்தை விடக் குறைவு! ஏசிக் காற்றில் அவருடைய வியர்வை காய்ந்ததைத்தான் நான் அளந்திருக்கிறேன்.

இப்போது 20 நிமிடம் சும்மா உட்காரவைக்கிறேன். கையைச் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்கிறேன். அப்புறம் ஹெட்செட்டோடு, எந்த வேலையும் கொடுக்காமல், 5 நிமிடப் பதிவு. இந்த ஓய்வுநிலைப் பதிவு இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்களுக்கு அர்த்தமே இல்லை.

படி 3: பதிவு

பட்டியின் உட்புறத்தை ஈரமாக்கிக் கட்டுங்கள். விரல் உணரி, கன்ட்ரோலர் பிடிக்காத கையில். பாதிப்பேருக்கு லேசான சுற்று முதலில், மற்றப் பாதிக்குக் கடினமானது முதலில். ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். ஒன்று நடந்த பிறகு தோல் பதில் சொல்ல 1 முதல் 5 வினாடி வரை எடுக்கும்.

படி 4: கேள்வி

ஒவ்வொரு சுற்றும் முடிந்த கையோடு நாசா-டிஎல்எக்ஸ் என்ற, வேலையின் சுமையை அவரே மதிப்பிடும் கேள்வித் தாளைக் கொடுங்கள். ஹார்ட், ஸ்டேவ்லண்ட் என்ற ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்டது. மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, வேலையின் வெற்றி, முயற்சி, எரிச்சல் என்று ஆறு கோடுகள்; ஒவ்வொன்றிலும் தமக்கு இருந்த அளவில் கீற வேண்டும். ஆறின் சராசரியே தொடக்கத்துக்குப் போதும்.

ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்து கோடுகளில் இடப்பக்கம் 'குறைவு', வலப்பக்கம் 'அதிகம்'. வெற்றிக் கோட்டில் மட்டும் இடப்பக்கம் 'மிக நன்று', வலப்பக்கம் 'தோல்வி'. சித்தி அருமையாகச் செய்துவிட்டு, சந்தோஷமாக வலக்கோடியில் கீறினார். அவருடைய சுமை எண் தேவையில்லாமல் ஏறிவிட்டது. அந்தக் கோட்டை மட்டும் இப்போது நானே வாசித்துக் காட்டுகிறேன்.

படி 5: கணக்கு

நெஞ்சுப்பட்டிப் பதிவிலிருந்து, துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் ஓர் எண்ணைக் கணக்கிடுவோம். அந்த நேரங்கள் 800, 840, 810, 850 மில்லிவினாடி என்று வைப்போம். அடுத்தடுத்த நேரங்களின் வித்தியாசங்கள் 40, 30, 40. வர்க்கங்கள் 1600, 900, 1600. சராசரி ஏறத்தாழ 1367. அதன் வர்க்கமூலம் 37. உண்மைப் பதிவில் சில நிமிடத் துடிப்புகள் வேண்டும், ஆனால் வழி இதுதான். மனச்சுமை ஏறும்போது இந்த எண் பொதுவாக இறங்கும். ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும் என்பதால், ஒருவருடைய எண்ணை அவருடைய ஓய்வுநிலை எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தலைச்சுற்றும் குமட்டலும் வந்தாலும் துடிப்பும் வியர்வையும் மாறும். ஆகவே 1993இல் வந்த, இந்த மாதிரிக் குமட்டல், தலைச்சுற்று உட்பட 16 அறிகுறிகளைக் கேட்கும் எஸ்எஸ்கியூ என்ற கேள்வித் தாளைத் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் நிரப்பச் சொல்லுங்கள். குமட்டல் ஏறியிருந்தால் அந்தப் பதிவைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரு பிளேன்டீ கொடுத்து, தலை தெளியும்வரை இருக்கவைத்து, அப்புறம் படியிறங்க விடுங்கள்.