மிக்-21 கட்டப் போகிறீர்களா? முதலில் முதுகைப் பாருங்கள்

போன மாதம் சேலையூரிலிருந்து அக்கா மகன் ஒரு மாடல் விமானக் கிட்டை, அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் பெட்டியை, தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, அபிநந்தன் ஓட்டின பிளேன் வாங்கிட்டேன்!" பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது மிக்-21எம்எஃப். 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் ஓட்டியது மிக்-21 பைசன். "எல்லாம் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொன்னாரே" என்று அவன் முகம் சுருங்கிப் போனது.

எல்லாம் ஒன்று இல்லை. 1963-இல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அறுபது வருஷத்துக்கும் மேல் ஓடிய விமானம் ஒரே உருவத்தில் இருந்திருக்க முடியாது. இந்த வித்தியாசங்களைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் கட்டுகிற சந்தோஷம் இரட்டிப்பாகும். அன்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்த அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

படி 1: கிட்டுக்கு முன்னால் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் பெட்டியை வாங்கிவிட்டு, அப்புறம் "இதை எந்த விமானமாகக் கட்டலாம்" என்று தேடுகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு விமானத்தின் பக்கவாட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணும், படம் எடுத்த வருஷமும் தெரிந்தால் இன்னும் நல்லது.

நம் விமானப்படையின் ஒற்றை இருக்கை மிக்-21களில் நான்கை நினைவில் வைத்தால் ஆரம்பத்துக்குப் போதும். மிக்-21எஃப்எல், அதாவது டைப் 77. இது 1971 போரில் பறந்தது. மிக்-21எம், டைப் 96. மிக்-21பிஸ், டைப் 75. கடைசியாக, அந்தப் பிஸ்ஸைப் புது ரேடாரோடு மேம்படுத்திய பைசன். எஃப்எல், எம், பிஸ் மூன்றையும் நாசிக்கில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (ஹெச்ஏஎல்) தயாரித்தது. வெளிநாட்டு கிட்களில் டைப் எண்ணைவிட ரஷ்யப் பெயர்தான் அதிகம் இருக்கும், அதனால் இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள்.

படி 2: வெட்டுவதற்கு முன் ஸ்ப்ரூவைப் படியுங்கள்

பெட்டிப் படம் ஓவியருடைய வேலை. உண்மை ஸ்ப்ரூவில்தான், அதாவது பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில்தான், இருக்கிறது. இன்றைய நல்ல கிட்கள் பலவற்றில் ஒரே ஸ்ப்ரூவில் இரண்டு மூன்று ரகங்களுக்கான பாகங்களைச் சேர்த்தே வார்த்திருப்பார்கள். குறிப்புத்தாளின் முதல் பக்கத்தில் சில பாகங்களுக்கு நிழல் போட்டிருக்கும். இந்த ரகத்துக்கு அவை வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பாகங்கள் மேல் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் தப்பான வாலை ஒட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

படி 3: முதுகு

இதில் மட்டும் அவசரமே கூடாது. உடல்பகுதியின் இரண்டு பாதிகளையும் கோந்து இல்லாமல் மாஸ்கிங் டேப்பால் சேர்த்துக் கட்டி, டியூப் லைட்டுக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். உருவம் கறுப்பாகத் தெரிய வேண்டும். இப்போது காக்பிட்டுக்குப் பின்னாலிருந்து வால் வரை முதுகுக் கோட்டை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள்.

காக்பிட்டைத் தாண்டியதும் கோடு சரிந்து இறங்கி, மெல்லிய நரம்பு மாதிரி வால் வரை ஓடினால் அது எஃப்எல் குடும்பம். சரியாமல், காக்பிட் உயரத்திலிருந்து ஏறக்குறைய நேராகவே போனால் எம் அல்லது எம்எஃப். மேலிருந்து பார்த்தாலும் இந்த முதுகு அகலமாக இருக்கும். கருவிகளுக்கும் கூடுதல் எரிபொருளுக்கும் அங்கேதான் இடம் பண்ணினார்கள். பிஸ்ஸின் முதுகு அதைவிடப் பருமன். வாலின் அடி வரை அந்தப் பருமன் அவ்வளவாகக் குறையாது. எம்மையும் பிஸ்ஸையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் வரும். இரண்டு பக்கவாட்டுப் படங்களையும் ஒரே அளவில் அச்சடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிஸ்ஸின் கோடு மேலே நிற்பது பளிச்சென்று தெரியும். ஒருமுறை பார்த்த கண் மறக்காது.

படி 4: கண்ணாடி

எஃப்எல்லில் முன் கண்ணாடியும் மூடியும் ஒரே துண்டு. கீல் முன்னால் இருப்பதால் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எம்மிலும் பிஸ்ஸிலும் முன் கண்ணாடி அசையாமல் நிற்கும், மூடி மட்டும் விமானியின் வலப்பக்கம் சாய்ந்து திறக்கும். காக்பிட்டைத் திறந்து வைத்துக் கட்ட ஆசைப்பட்டால் இதை மறக்காதீர்கள்.

பைசனின் அடையாளமும் இங்கேதான். பிஸ்ஸின் முன் கண்ணாடியில் சட்டங்கள் ஓடும், நடுவில் தட்டையான கண்ணாடி இருக்கும். பைசனில் சட்டமே இல்லாத, வளைந்த ஒரே கண்ணாடி. பிஸ் கிட்டில் சட்டக் கோடுகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால் பைசன் ஆகிவிடாது, ஏனென்றால் வளைவே வேறு. முதல் மாடலுக்கு இந்த மாற்றம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிஸ்ஸைப் பிஸ்ஸாகவே கட்டுங்கள். கை பழகிய பிறகு, பைசனுக்கென்றே தனியாகக் கிடைக்கும் பாகங்களைத் தேடலாம்.

கண்ணாடியை ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. சூப்பர் குளூவின் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி மழையில், சென்னையின் ஈரக்காற்றில் அது இன்னும் மோசம். சாதாரண ஃபெவிகாலே போதும், காய்ந்ததும் நிறமில்லாமல் தெளிந்துவிடும்.

படி 5: மூக்கின் ஊசி

மூக்கிலிருந்து முன்னால் நீளும் ஊசி போன்ற பிட்டோட் குழாயைப் பாருங்கள். எஃப்எல்லில் அது மூக்கின் உச்சியில், சரியாக நடுவில் இருக்கும். எம்மிலும் பிஸ்ஸிலும் நடுவிலிருந்து விமானியின் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். 1/72 அளவில் (நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு) இறக்கையின் முழு நீளமே ஏறக்குறைய 10 செ.மீ.தான், அதனால் இந்த ஒதுக்கம் கண்ணுக்கு மிகச் சிறிதாகத்தான் படும். இருந்தும், எதிரே நின்று பார்க்கிற பழகிய கண் முதலில் போவது அங்கேதான். இந்தக் குழாயைக் கடைசி நாளில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் சட்டைக் கை பட்டே உடையும்.

படி 6: வயிறும் இறக்கையும்

இறக்கைக்கு அடியில் ஆயுதம் மாட்டும் தாங்கிதான் பைலான். இறக்கைக்கு ஒரு பைலான் என்றால் எஃப்எல். இரண்டு என்றால் எம் அல்லது பிஸ்.

எஃப்எல்லின் உடலுக்குள் பீரங்கி கிடையாது. தேவைப்பட்டால் ஜிபி-9 என்ற பெட்டியை வயிற்றின் நடுவில் தொங்கவிடுவார்கள். உள்ளே 23 மி.மீ. இரட்டைக்குழல் பீரங்கியும் 200 குண்டுகளும். 1971 டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடாவுக்கு மேலே நம் விமானி பாரத் பூஷண் சோனி பாகிஸ்தானின் எஃப்-104 விமானத்தை வீழ்த்தியது இப்படி ஒரு எஃப்எல்லில் இருந்துதான். ஏவுகணை தவறிப் போக, வேலையை முடித்தது இந்தப் பீரங்கிதான். அந்தப் பெட்டி தொங்கும் அதே இடத்தில்தான் எரிபொருள் தொட்டியும் மாட்ட வேண்டும். ஆகவே இரண்டில் ஒன்றுதான், இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள். எம்மிலும் பிஸ்ஸிலும் பீரங்கி வயிற்றுக்குள்ளேயே பதிந்திருக்கும், குழல்கள் மட்டும் வெளியே தெரியும்.

படி 7: எண்

மாடல் மேல் ஒட்டும் எண்களும் சின்னங்களும் அச்சிட்ட டெக்கால் தாளும் ஒரு சாட்சி. பைசன்களின் எண் 'சியு' என்று தொடங்கும். அபிநந்தனுடையது சியு 2328. எஃப்எல்லிலும் எம்மிலும் வெறும் 'சி'. தாளில் 'சியு' இருந்து, பெட்டியில் சட்டம் போட்ட முன் கண்ணாடி இருந்தால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவையும் பார்த்து முடித்ததும் அக்கா மகன் கேட்டான்: "அப்போ இந்தப் பெட்டி வேஸ்ட்டா, மாமா?" இல்லவே இல்லை. எம்முக்கும் எம்எஃப்புக்கும் முக்கிய வித்தியாசம் என்ஜினில்தான், வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று. அந்தப் பெட்டியிலிருந்து அழகான டைப் 96 வரும். 1999 கார்கில் போரில் இந்த ரகத்தில் பறந்து உயிர்நீத்த ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹூஜாவின் 17-ஆம் படைப்பிரிவைப் பற்றி அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் மார்க்கரை எடுத்து, வேண்டாத வால் மேல் பெருக்கல் குறி போட்டான். இப்போது உடல்பகுதி ஒட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை இறக்கை.