ஹீத்ரோ 27எல்: போயிங் 737-ஐ ஐ.எல்.எஸ். பிடித்து இறக்குவது எப்படி?

மேகத்தைக் கிழித்துக்கொண்டு கீழே வரும்போது ஓடுபாதை விளக்குகள் நேர் எதிரே தெரிகிற அந்த நொடிக்காகவே ஐ.எல்.எஸ். (ரேடியோ வழிகாட்டலில் ஓடுபாதைக்கு இறங்கும் முறை) கற்றுக்கொள்ளலாம். எக்ஸ்-பிளேன் 12 என்ற விமான சிமுலேட்டரில் கூடவே வரும் போயிங் 737-800 போதும். லண்டன் ஹீத்ரோவின் 27எல் ஓடுபாதைக்குப் போவோம். முதல் தடவை வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருக்கட்டும்.

ஐ.எல்.எஸ். என்பது இரண்டு ரேடியோ கற்றைகள். லோக்கலைசர் இடமா வலமா என்று சொல்லும். கிளைடு ஸ்லோப் மேலேயா கீழேயா என்று சொல்லும். சரிவு 3 டிகிரி.

முதலில் ரேடியோ. இரண்டு நேவ் (வழிகாட்டல்) ரேடியோவிலும் அலைவரிசை 109.50, கோர்ஸ் (ஓடுபாதையின் திசை) 270. திரையில் ஐ.எல்.எல். என்ற அடையாளம் வந்துவிட்டதா பாருங்கள். வராமல் மேலே போக வேண்டாம்.

அடுத்து, நிற்கவேண்டிய இடம். ஓடுபாதைக்குக் கிழக்கே 15 கடல் மைல், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் தெற்கே, உயரம் 2500 அடி, ஹெடிங் (மூக்கு நோக்கும் திசை) 300, ஃபிளாப் (இறக்கையின் மடிப்பு) 5, வேகம் 180 நாட். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்: உயரமாகவும் வேகமாகவும் வந்துவிடுகிறார்கள். ஜெட் விமானம் இறங்கிக்கொண்டே வேகத்தைக் குறைக்காது. அதோடு உண்மையான சரிவுக்கு மேலே, செங்குத்தான கோணங்களில் பொய்ச் சரிவுகளும் உண்டு. அதனால் கிளைடு ஸ்லோப்பை எப்போதும் கீழிருந்துதான் பிடிக்க வேண்டும். 2500 அடியில் நேராக வந்தால், சுமார் ஏழரை மைலில் அது தானாக உங்களிடம் வரும்.

இப்போது ஆட்டோபைலட் ஓடும் நிலையில், லோக்கலைசரைப் பிடிக்கும் வி.ஓ.ஆர். லாக் பொத்தானை அழுத்துங்கள். திரையின் மேல்பகுதியில் அந்த எழுத்து வெள்ளையாக வரும். அப்படியென்றால் தயார், இன்னும் பிடிக்கவில்லை. பச்சையானதும் விமானம் தானே 270 பக்கம் திரும்பும். அப்புறம் கிளைடு ஸ்லோப்பையும் பிடிக்கும் ஏ.பி.பி. பொத்தான்.

வலது ஓரத்து அளவுகோலில் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வைரக்குறி மெல்ல இறங்கத் தொடங்கும். அசைந்த உடனே கியரை (சக்கரங்களை) இறக்குங்கள், ஃபிளாப் 15. நடுவுக்கு வந்ததும் ஃபிளாப் 30, எடைக்கேற்ற இறங்குவேகம் (140 நாட் பக்கம் இருக்கும்). ஆட்டோபைலட்டின் உயர ஜன்னலில் 3000 வையுங்கள், திரும்ப மேலேற வேண்டிவந்தால் உதவும்.

சரியாக இறங்குகிறோமா? தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. 1000 அடியில் வேகம், ஃபிளாப், கியர், லோக்கலைசர், கிளைடு ஸ்லோப் குறிகள் எல்லாம் சரியாக இல்லையென்றால் மேலே ஏறிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

500 அடியில் ஆட்டோபைலட்டையும் ஆட்டோ திராட்டிலையும் (இன்ஜின் விசையைத் தானே சரிசெய்வது) விடுவியுங்கள். குறி நகர்ந்தால் துரத்தாதீர்கள். ஒன்றிரண்டு டிகிரி திருத்தம் போதும். தரையிலிருந்து 20 அடியில் மூக்கை இரண்டு மூன்று டிகிரி தூக்கி, திராட்டிலை மெதுவாக மூடுங்கள்.

இது நாலைந்து தடவை ஒழுங்காக வந்ததும் மேகத்தின் அடிமட்டத்தை 400 அடியில் வையுங்கள். நிஜ வானிலையில் பறந்தால் உயரமானியில் கியூ.என்.எச். (கடல்மட்ட) அழுத்தத்தை மறக்காமல் மாற்றுங்கள்: ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் சுமார் 27 அடி பிசகும். பத்து தவறினால் 270 அடி. ஓடுபாதை தெரிகிறதா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டியதோ தரையிலிருந்து 200 அடியில்.