பாலியில் தனி வில்லா: முதலில் கடல், பிறகு வீடு

பாலித் தீவில் வில்லா தேடுகிறவர்கள் நீச்சல்குளப் படத்தில் மயங்கி முன்பணம் கட்டிவிடுகிறார்கள். முதல் பயணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாம் முறை வரிசையை மாற்றினேன்.

1. மாதம்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. மார்ச்சை ஒட்டி வரும் ‘ஞெப்பி’ மௌன நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும். அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

2. கடல்: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். செமின்யாக்கில் அழகான வீடு கிடைத்தது. கரைக்குப் போனால் சிவப்புக் கொடி. மேற்குக் கரையில் அலையும் பெரிது, நீரோட்டமும் இழுக்கும். எட்டு வயது மகள் மூன்று நாளும் கணுக்கால் மட்டும் நனைத்துவிட்டு வந்தாள். கிழக்கே சானூரில் பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுகிறது. உள்ளே தண்ணீர் ஏரிபோல் கிடக்கும். குழந்தைகள் இருந்தால் என் ஓட்டு சானூருக்குத்தான். ஆனால் வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாசியும் கல்லும் தெரியும். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக் குளிக்கும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

3. தூரம்: ‘கடற்கரை 10 நிமிடம்’ என்றால் பெரும்பாலும் ஸ்கூட்டரில். வரைபடத்தில் நடைவழியை நீங்களே அளந்து பாருங்கள்.

4. வாடகை: விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி. இரண்டும் சேர்ந்து 21 சதவீதம் வரை ஏறும். மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். முன்பதிவுத் தளத்தின் வழியாகவே கட்டுகிறேன்.

5. கேள்விகள்: கூடத்துக்குச் சுவர் உண்டா? பல வில்லாக்களில் கிடையாது. ஏசி படுக்கையறையில் மட்டும்தான். குளத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா? சின்னக் குழந்தை இருந்தால், இல்லை என்ற பதில் வந்த வீட்டை விட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. குடிநீர்க் கேன் வாடகையில் சேர்த்தியா என்றும் கேளுங்கள்.

விசாவைத் தவிர, 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டவருக்கு 1,50,000 இந்தோனேசிய ரூபியா சுற்றுலாக் கட்டணமும் உண்டு. புறப்படும் முன்பே இணையத்தில் கட்டிவிடலாம்.

பின்சேர்க்கை: சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பல வில்லாக்களில் மளிகைக்குப் பணம் கொடுத்தால் பணியாளர்களே சமைத்துத் தருவார்கள். ஆனால் ‘சம்பல்’ என்ற மிளகாய்த் தொகையலை நம் சட்னிபோல் நினைத்துவிடாதீர்கள். பல வகைகளில் ‘தெராசி’ என்ற இறால் விழுது கலந்திருக்கும். அம்மா முதல் வாயிலேயே மணத்தை வைத்துக் கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டார். ‘தன்பா தெராசி’ என்று சொல்லுங்கள். தெராசி இல்லாமல் என்று பொருள். மறுநாள் வில்லாவில் சமைத்த அம்மாள் தக்காளியும் மிளகாயும் மட்டும் இடித்துக் கொண்டுவந்து வைத்தார்.