பென் ட்ரைவில் வந்த ஷோர்ட்கட் வைரஸ்

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் மகளின் உயர்தர வகுப்புக் குறிப்புகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கல்லடிக்கு வந்து, பென் ட்ரைவைக் கொம்பியூட்டரில் செருகினால் எல்லா ஃபோல்டரின் மூலையிலும் சின்ன அம்புக்குறி; அது ஷோர்ட்கட், அதாவது வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழியின் அடையாளம். மகள் ஒன்றை அழுத்தியும் விட்டாள். உள்ளே ஒன்றுமில்லை என்று அழத் தொடங்கிவிட்டாள், பாவம்.

ட்ரைவில் பிடித்திருந்த இடம் மட்டும் குறையவில்லை. அதுதான் தெம்பு தந்தது: இந்த வைரஸ் கோப்புகளை ஒளித்துவைத்து, ஷோர்ட்கட்டை அழுத்தும்போது கணினிக்குள் ஏறும். இன்டர்நெட்டைத் துண்டித்து, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபென்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் சோதனை) ஓடவிட்டேன். பென் ட்ரைவையும் தனியாக ஸ்கேன் செய்தேன். பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டில் அட்ரிப் (attrib) கட்டளையால் மறைப்பை நீக்க, குறிப்புகள் அத்தனையும் திரும்பி வந்தன.

இப்போது கடைக்குப் போவது பிடிஎஃப் மட்டும் போட்ட வேறொரு பென் ட்ரைவ். வந்ததும் ஃபோர்மட் செய்துவிடுவேன்.