பம்பு பீரோவுக்குள் இருந்தால் இழுப்பு நிற்காது

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வீசிங் (இழுப்பு) உள்ள பிள்ளைக்குப் பல வீடுகளில் பம்பு, அதாவது மருந்தை மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர், வாங்கித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் "பழகிடும்", "பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு வரன் வரும்போது ஊர் பேசும்" என்று அது பீரோவுக்குள் கிடக்கும். இந்தப் பயம் ஊரில் பிறந்தது. அதை டாக்டர் தனியாகப் போக்க முடியாது, ஊர்தான் போக்க வேண்டும்.

மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கிராம சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கூப்பிடுங்கள். மாமியார்கள் கட்டாயம் வர வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு பம்பா, கஷாயமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

முதலில் கணக்கைச் சொல்லுங்கள். இழுப்பைத் தணிக்கும் சால்புட்டமால் மருந்தின் மாத்திரை ஒன்று 2 மில்லிகிராம். பம்பின் ஒரு அழுத்தல் 100 மைக்ரோகிராம், அதாவது அதில் இருபதில் ஒரு பங்கு. மாத்திரையும் சிரப்பும் உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைக்கும். பம்பு மருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். இழுப்பு வந்தால் அடிக்கும் பம்பு வேறு, நன்றாக இருக்கும்போதும் தினமும் போட வேண்டிய ஸ்டீராய்டு பம்பு வேறு. நிறத்தை நம்பாமல் பிளாஸ்திரி ஒட்டி "தினமும்", "இழுப்புக்கு" என்று எழுதுங்கள். தினமும் போடுவதற்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்லுங்கள். நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாய்) பொருத்தி, ஒருமுறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு. அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டு அழுத்தலையும் ஒரே மூச்சில் சேர்த்து அடித்தால் மருந்து பாதி வீண். சின்னப் பிள்ளைக்கு மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் இல்லையா? 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவு ஓட்டை போட்டு, இடுக்கை டேப்பால் அடையுங்கள். பாட்டில் வாயில் பிள்ளை மூச்சிழுக்கும்.

பம்பில் பெரும்பாலும் 200 அழுத்தல். காலை 2, ராத்திரி 2 என்றால் ஐம்பதே நாள். தீரும் தேதியை அன்றே அதன்மேல் எழுதுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது ஏமாற்றும்.

தூசி பெரிய வேலை. தை, மாசியில் அறுவடை மெஷினும் நெல் கொள்முதல் நிலையத்துத் தூற்றும் இயந்திரமும் ஒருசேர ஓடும். பள்ளியை நோக்கிக் காற்று வரும் பக்கம் கொள்முதல் நிலையம் வேண்டாம் என்று நவம்பர் 1 கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள். மூட்டை வந்து இறங்கிய பிறகு யாரும் நகர்த்த மாட்டார்கள். குறுவைக்கு ஆகஸ்ட் 15 சபை. வீட்டில் கொசுவர்த்தி, குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி இரண்டையும் நிறுத்துங்கள். பாட்டி மனம் நோகாமல் சொல்லிப் பாருங்கள்: ஈரம் போகத் துண்டே போதும்.

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, விலா நடுவே குழி விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108. வண்டி வரும்வரை இழுப்புப் பம்பை டாக்டர் எழுதித் தந்த அளவில், ஒவ்வொன்றாக, 20 நிமிடத்துக்கு ஒருமுறை. அந்த அளவை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி, ஒரு நகலைப் பள்ளிக்குக் கொடுங்கள். கூடவே ஒரு பம்பும் ஸ்பேசரும் வகுப்பாசிரியர் மேசையில் இருக்கட்டும். பூட்டிய அலமாரி மட்டும் வேண்டாம். சாவிக்காரர் அன்றைக்கென்று லீவில் இருப்பார்.