வைக்கோல் மேலே, சணப்பு உள்ளே: மூடாக்கிலும் பசுந்தாளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்கறித் தோட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். வைக்கோலையோ கரும்புச் சோகையையோ மக்காச்சோளத் தட்டையையோ உழுது மண்ணுக்குள் புதைத்துவிட்டு, ஒரு வாரத்திலேயே தக்காளியோ கத்தரியோ நடுகிறார்கள். நாற்று வேர் பிடித்த கொஞ்ச நாளில் இலை வெளுத்து, வளர்ச்சி நின்றுவிடும். பழி நாற்றுப் பண்ணைக்காரர் தலையில் விழும்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 80 பங்கு கரிமம் உண்டு. அதைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாது. எனவே மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. செடிக்கு அது திரும்பக் கிடைக்கப் பல வாரங்கள் ஆகும். அதே வைக்கோலை மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் அடிப்பகுதி மட்டுமே மண்ணைத் தொடும். வேர்ப்பகுதியில் இந்தப் பற்றாக்குறை வராது. காய்ந்தது மேலே, பச்சை உள்ளே என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மக்காத தென்னை நார்க்கழிவு இன்னும் மோசம்: கரிமம் 100 பங்குக்கும் மேல். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைத்த பிறகே அதை மண்ணில் கலக்க வேண்டும்.

பச்சையை உள்ளே போடுவதிலும் கோளாறு செய்யலாம். பசுந்தாள் உரத்துக்காக வளர்க்கும் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்த 45 நாள் வாக்கில், பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டியவை. "இன்னும் கொஞ்சம் வளரட்டும், தழை கூடும்" என்ற ஆசையில் காய் பிடிக்கும்வரை விட்டால் தண்டு முற்றிவிடும். சணப்பு நாருக்காகவே பயிரிடப்பட்டுவந்த செடி என்பதை மறந்தவர்களுக்கு, ரோட்டவேட்டர் எனும் சுழல்கலப்பையில் அது சுற்றிக்கொள்ளும்போது நினைவு வரும். உழும்போது மண்ணில் ஈரமும் வேண்டும். காய்ந்த மண்ணில் தழை மக்காது. மடக்கிய கையோடு நடவும் கூடாது. பச்சைத் தழை அழுகும் நாட்களில் நாற்றழுகல் பூஞ்சைகள் பெருகும். இரண்டு, மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

நிலத்தை மூடிக் காக்கும் மூடுபயிராக எதைத் தேர்கிறோம் என்பதைப் பலர் விதை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். முந்தைய தக்காளியைப் பிடுங்கியபோது வேரில் முடிச்சுகள் இருந்தனவா? இருந்தால் அந்த நிலத்தில் தட்டைப்பயறு வேண்டாம். வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பல தட்டைப்பயறு ரகங்கள் நல்ல விருந்து. சணப்போ செண்டுமல்லியோ போட்டால் புழு குறையும்.

நோய்ப்பட்ட கழிவு விஷயத்தில் மட்டும் கருணை காட்ட வேண்டாம் என்பேன். வாடல் நோய் கண்ட வாழையை வெட்டித் தோப்பெங்கும் பரப்புவது, நோயை நாமே விதைப்பதுதான். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். தண்டுக்கூன்வண்டு தாக்கிய தோப்பில், தார் வெட்டிய மரத்தை அப்படியே சாய்த்துவிடுவதும் ஆபத்து. வெட்டுப்பட்ட தண்டின் வாடை வண்டுகளை ஈர்க்கும், அவை உள்ளே முட்டையிடும். வாடிய தக்காளி, கத்தரிச் செடிகளையும் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடலாம். இயற்கை வேளாண்மை ஆர்வலர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பழமரங்களில் மூடாக்கை அடிமரத்தோடு ஒட்டிக் குவிக்கக் கூடாது. மாவில் கரையான் ஏறும். எலுமிச்சையில் பட்டை ஈரத்தில் ஊறி, அழுகிப் பிசின் வடியும். ஒரு சாண் தள்ளியே போடுங்கள். பூனைக்காலி போன்ற கொடிகளை இளங்கன்றுகளுக்கு நடுவே விதைத்தால் அடிக்கடி இழுத்துவிட ஆள் வேண்டும், இல்லாவிட்டால் கன்றின் மேல் ஏறிவிடும். மானாவாரி மாந்தோப்பில் கொள்ளு விதைப்பது நல்ல பழக்கம்; ஆனால் மழைக்காலம் முடிந்த பிறகும் அதை உயிரோடு விட்டுவைத்தால், மரத்துக்கான ஈரத்தில் அதுவும் பங்கு கேட்கும்.

இன்னொன்று: மூடாக்கை நல்ல மழைக்குப் பிறகோ பாசனம் முடிந்த பிறகோ போட வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் போட்டால் அடுத்து வரும் தூறலைச் சோகையே குடித்துவிடும். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது மூடாக்குக்கு அடியில் இருக்கட்டும்.